நான் கழுவிய கறை

இத்தாலியில், பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. காலையில் வீட்டு எசமானியான சிஞ்ஞோரா எழும்பி வரும்போது முதல்நாளின் தடயம் எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்டதுதான். மேசையில் கோப்பிக் கோப்பை விட்ட வட்டம், விரிப்பில் சிந்திய வைன் துளி, பல்கனி வழியாகக் காற்று அள்ளிவந்த தூசி எல்லாவற்றையும் அவர் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே துடைத்துவிடுவேன். வீட்டுவேலைக்குப் போன எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இதில் ஒரு பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்தால், "என்ரை சிஞ்ஞோரா விரலாலை தடவிப் பார்த்தவ, ஒண்டும் ஒட்டேல்லை" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்வோம். கறையைக் கண்டால் முதலாளியிடம் போய்க் கதைப்பவன் சோம்பேறி, சத்தமில்லாமல் கழுவிவிடுகிறவனே வேலைக்காரன் என்பது எங்கள் எண்ணம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சிஞ்ஞோரா எழுபதைத் தாண்டிய விதவை. கணவர் புற்றுநோயில் போய்விட்டார். மகன் மிலானோவில் இருந்தான். நான்காம் மாடியில் அவரும் ஒரு நாயும் மட்டும். குட்டைக் கால்களும் வெள்ளை நெஞ்சுமாகத் தவிட்டு நிறத்தில் ஒரு பெண் நாய். குட்டி போட்டதில்லை, வயது ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு வேறு பெயர் இருந்தாலும் சிஞ்ஞோரா ‘பிச்சிரித்தா’ என்றுதான் கூப்பிடுவார். சிசிலியாக்காரர் தங்கள் சின்னப் பெண்பிள்ளைகளைக் கொஞ்சும் சொல் அது. என்னை அவர் ‘புரொஃபெசோரே’ என்பார். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவன் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னதால் கிடைத்த பட்டம். அதில் பாதி மரியாதை, பாதி பகிடி. "புரொஃபெசோரே, குளியலறைக் குழாய் அடைத்துவிட்டது, உங்கள் விஞ்ஞானத்தைக் கொண்டுவாருங்கள்" என்பார்.

படிப்பித்தது உண்மைதான். ஆனால் எப்படிப் படிப்பித்தேன் என்பதை அவரிடம் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் முலையூட்டிகளின் இனப்பெருக்கத் தொகுதி என்று ஓர் அலகு உண்டு. ஆண்பிள்ளைகள் மட்டும் இருந்த வகுப்பில் முயலின் கருப்பையைக் கரும்பலகையில் வரைவேன். இரண்டு கொம்புகள் பிரிந்து போகும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சூலகம். நாய்க்கும் பூனைக்கும் அமைப்பு ஏறத்தாழ இதுதான் என்று சொல்லிவிட்டு அழித்துவிடுவேன். பெண்பிள்ளைகளும் சேர்ந்திருந்த வகுப்பில் அந்தப் பக்கங்கள் வந்ததும், "இதை வீட்டிலை வாசியுங்கோ, சோதினைக்கு வரும்" என்று சொல்லி அடுத்த அலகுக்குப் போய்விடுவேன். எனக்குப் படிப்பித்தவரும் அப்படியே செய்தார். அதிபரோ பெற்றோரோ ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காதது நல்ல பழக்கம் என்றே எல்லாரும் நினைத்தோம்.

நாய் இளமையாக இருந்த காலத்தில் மிருக வைத்தியர் அதன் கருப்பையை எடுத்துவிடும்படி சொல்லியிருக்கிறார். சிஞ்ஞோரா மறுத்துவிட்டார். "சுகமாக இருக்கிற பிள்ளையை எதற்கு வெட்ட வேண்டும்?" என்று என்னிடமும் ஒருநாள் கேட்டார். நானும் ஆமாம் போட்டேன்.

ஒரு மாசி மாதம் நகரத்தின் ஓரத்திலுள்ள ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருந்த அவருடைய தமக்கை விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். சிஞ்ஞோரா அங்கே போய்ச் சில வாரங்கள் தங்க வேண்டியதாயிற்று. தமக்கை வீட்டில் பூனைகள் இருந்ததால் நாயை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். காலையும் மாலையும் நான் வந்து உணவு வைத்து வெளியே கூட்டிப்போவேன். அந்த நாட்களில்தான் அதற்குப் பருவம் வந்தது. தெருவில் இறங்கினால் எங்கிருந்தோ ஆண் நாய்கள் வந்து பின்தொடரும். ஒரு கையில் வாரும் மறு கையில் குடையுமாக நான் அவற்றை விரட்டிக்கொண்டு போவதைக் கட்டடத்தின் வாயிற்காவலர் வாசலில் நின்று ரசிப்பார்.

"புரொஃபெசோரே, இன்றைக்கு எத்தனை மருமகன்கள்?"

"எண்ணவில்லை."

"அந்தக் கறுப்பனைத் துரத்தாதீர்கள். நல்ல குடும்பத்துப் பையன்."

எனக்கு முகம் சுட்டது. அடுத்த நாளிலிருந்து குப்பைத் தொட்டிகள் வைத்திருந்த பின்பக்க வாசலால் கூட்டிப்போனேன்.

சிஞ்ஞோரா திரும்பி வந்ததும் முதலில் கேட்டது, "என் பிச்சிரித்தா எப்படி இருந்தாள்?" என்பதுதான்.

"நல்லாக இருந்தது, சிஞ்ஞோரா."

பருவம் வந்து போனதை நான் சொல்லவில்லை. அதை மறைக்க வேண்டும் என்று நினைக்கவுமில்லை. ஒரு பெண்ணிடம், அதுவும் வயதான பெண்ணிடம், ஓர் ஆண் வாய் திறந்து சொல்லும் விஷயமாக அது எனக்குப் படவில்லை. அவ்வளவுதான்.

ஒரு மாதமளவில் நாய் தண்ணீர் நிறையக் குடிக்கத் தொடங்கியது. கிண்ணத்தை நிரப்பிவைத்தால் கொஞ்ச நேரத்தில் காலி. அப்போது ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சிரோக்கோ காற்று வீசிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே உதடு வெடித்தது. "இந்தக் காற்றில் நானும்தான் குடிக்கிறேன், பாவம்" என்றார் சிஞ்ஞோரா. சாப்பாட்டைப் பாதியில் விட்டது. அதுவும் காற்றின் கணக்கில் போயிற்று.

நாய் குசினிக்குப் பக்கத்துச் சிறு அறையில், மஞ்சள் உறை போட்ட ஒரு மெத்தையில் படுக்கும். ஒரு காலை அந்த உறையில் கறை கண்டேன். தேன் நிறம், நடுவில் கொஞ்சம் சிவப்பு. கெட்ட மணம் வந்தது. அந்த மணத்துக்குப் பொருள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் கை யோசனைக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. உறையைக் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, கட்டிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கொடியில் போட்டுவிட்டு வேறு உறை மாட்டினேன். நாயின் வாலடியில் மயிர் ஒட்டிப்போயிருந்தது. அதை ஈரத்துணியால் துடைத்தேன், போகாததைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். சிஞ்ஞோரா எழும்பி வந்தபோது கோப்பி கொதித்துக்கொண்டிருந்தது, நாய் சுத்தமான மெத்தையில் கிடந்தது. மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்குப் பிறகு அது என் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

வீட்டில் மனைவி என் கையை மோந்து பார்த்தாள்.

"இஞ்சரப்பா, என்ன இது மணம்?"

சுற்றிவளைத்துச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"நாய்க்கும் தீட்டோ?"

"அது முடிஞ்சு போச்சு. இது வேறை என்னவோ."

"வேறையெண்டால் வருத்தம்தானே. சிஞ்ஞோராவிட்டைச் சொல்லுங்கோவன்."

"என்னெண்டு சொல்லுறது?"

"வாயாலைதான்."

"உமக்குப் பகிடி. ஒரு பொம்பிளையிட்டை நான் உதைப்பற்றிக் கதைக்கிறதோ? எனக்குத் தெரிஞ்ச இத்தாலியன் சொல்லெல்லாம் சந்தையிலை மீன் இறக்கிறவங்கள் சொல்லுறது. அதை அவவுக்கு முன்னாலை சொல்லேலுமோ?"

"அப்ப உறையைக் கழுவாமல் விடுங்கோ. அவ தானே பார்க்கட்டும்."

அவள் சொன்ன அந்த வழி எவ்வளவு எளிது என்பது இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஒரே ஒரு காலை கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் போதும். நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. ஆனால் கறையை அப்படியே விட்டுவிட்டு சிஞ்ஞோராவின் முன்னால் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. "பார்ப்பம்" என்று மனைவிக்குச் சொன்னேன்.

நாய் வாந்தி எடுத்த அன்று சனிக்கிழமை. சிஞ்ஞோரா பயந்துபோய் மிருக வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொன்னார். நாயைத் தூக்கிக்கொண்டு நான் அவரோடு போனேன். பழைய வைத்தியர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்தில் ஓர் இளம்பெண் இருந்தார், என் மூத்த மகளைவிட ஐந்தாறு வயது கூடியவராக இருக்கலாம். நாயை மேசையில் நிற்கவைத்து வயிற்றைத் தடவிக்கொண்டே போனவர், பின்பக்க முலையொன்றின் அருகில் விரலை நிறுத்தினார்.

"இங்கே ஒரு கட்டி இருக்கிறது."

பட்டாணி அளவுதான். சிஞ்ஞோராவுக்கு அது போதுமாக இருந்தது. கணவரின் சாவு முழுவதும் அவர் முகத்தில் திரும்பி வந்தது. "புற்றுநோயா? சொல்லுங்கள், புற்றுநோயா?" என்று வைத்தியரின் கையைப் பிடித்துக்கொண்டார். வைத்தியர் ஆறுதலாக விளக்கினார்: கருப்பை எடுக்காத வயதான பெண் நாய்களில் முலைக்கட்டி அடிக்கடி வருவது, பாதிக்குப் பாதி தீங்கில்லாதவை, இது சின்னது, வெட்டி எடுத்துவிடலாம். பிறகு அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"ஆனால் இந்தக் கட்டி வாந்தி எடுக்கவைக்காது, தண்ணீர் குடிக்கவைக்காது. கடைசியாக எப்போது பருவம் வந்தது?"

"புரட்டாசி, ஐப்பசி இருக்கும். மாரிக்கு முன்பு" என்றார் சிஞ்ஞோரா. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அதற்குப் பிறகு பின்பக்கத்தால் ஏதாவது ஒழுகியதா? சீழ், இரத்தம்? படுக்கையில் கறை?"

"இல்லவே இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. அவள் மெத்தை என் தலையணையைவிடச் சுத்தம்."

வைத்தியர் என்னைப் பார்த்தார். "வீட்டைப் பார்த்துக்கொள்வது நீங்கள்தானே? நீங்கள் ஏதாவது கண்டீர்களா?"

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய்க்கு ஒரு சொல் வரவில்லை என்று சொல்லி நான் இங்கே தப்ப முடியாது. ‘ஆம்’ என்பது எந்த மொழியிலும் சின்னச் சொல். தலையை ஆட்டியிருந்தாலும் போதும். ஆனால் ஆம் என்றால் அடுத்த கேள்வி எப்போதிருந்து என்று வரும். இத்தனை நாளும் சிஞ்ஞோரா எழும்பும் முன் ஒளித்துக் கழுவியவன் என்று தெரியவரும். ஒரு வீட்டின் திறப்புச் சாவியை வைத்திருப்பவனுக்கு அதைவிடக் கெட்ட பெயர் இல்லை. இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் என் மனதில் ஓடியது.

"இல்லை, டொக்டர்."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக."

அப்படியானால் சிறுநீரகமாக இருக்கலாம் என்றார் வைத்தியர். இரத்தம் எடுத்தார். முடிவு வார இறுதி கழித்துத்தான் வரும். அதைப் பார்த்துவிட்டுக் கட்டிக்கும் நாள் குறிப்போம் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் சிஞ்ஞோரா அந்தக் கட்டியைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தக் கட்டி பெரிய ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். எல்லாருடைய கண்ணும் அதன்மேல் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. எங்கள் ஆட்களில் பலரைப்போல நாங்களும் மலையிலுள்ள நகரக் காவல் புனிதையின் குகைக் கோயிலுக்குப் போவது வழக்கம். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்த மனைவி, "நாய்க்கும் சேர்த்துக் கும்பிட்டனான். டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டியள்தானே?" என்று கேட்டாள்.

"ஓம், ஓம்" என்றேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது, சிஞ்ஞோரா மத்தியானத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டபடி இருக்கிறார் என்று மகள் சொன்னாள். ஓடினேன். நாய் எழும்பவில்லை. வயிறு பறைபோல் இறுகியிருந்தது, பல் முரசு வெளுத்துக் கிடந்தது. ஒழுக்கு நின்றுவிட்டிருந்தது. மெத்தையில் ஒரு கறையும் இல்லை. கறை இல்லாததைக் கண்டு அன்றுதான் முதல்முறையாகப் பயந்தேன்.

வைத்தியர் மருத்துவமனையைத் திறந்து வயிற்றைக் கீறினார். நாங்கள் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். சிஞ்ஞோரா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நீண்ட நேரம் கழித்து வைத்தியர் கதவைத் திறந்து என்னை மட்டும் கூப்பிட்டார், பாரமான எதையோ தூக்க உதவி வேண்டும் என்பதுபோல. உள்ளே ஒரு தட்டில் கருப்பை கிடந்தது. நான் கரும்பலகையில் வரைந்த அதே இரண்டு கொம்புகள். ஆனால் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுப் பருமனுக்கு வீங்கி, முடிச்சு முடிச்சாக, உள்ளே சீழ் நிறைந்திருந்தது. ஒன்று ஓரிடத்தில் கசிந்திருந்தது.

"பருவம் முடிந்தபின் கருப்பையின் உட்சுவர் தடிக்கும்" என்றார் வைத்தியர். குட்டி தங்கினாலும் தங்காவிட்டாலும் அப்படித்தான். வயதான நாய்களில் அந்த நேரத்தில் கிருமி உள்ளே போனால் சீழ் பிடிக்கும். கருப்பை வாய் திறந்திருக்கும்வரை ஒழுகும். மூடிவிட்டால் வெளியே வர வழியில்லை. "இது மாரிக்கு முன்பு வந்த பருவமில்லை. அதற்குப் பிறகு, ஒன்றிரண்டு மாதத்துக்குள் வந்தது. இது வாரக்கணக்காக ஒழுகியிருக்கிறது."

தட்டிலிருந்து மேசையில் சொட்டியதைத் துடைக்க என் கண் துணி தேடியது.

"வாலடியில் மயிரை வெட்டியது யார்?"

"நான்."

"ஏன்?"

"ஊத்தையாக இருந்தது."

அவர் என்னைத் திட்டவில்லை. கையுறைகளைக் கழற்றினார், கையைக் கழுவினார், நெடுநேரம் கழுவினார். பிறகு, "நேற்றுச் சொல்லியிருந்தால் நேற்றே வெட்டியிருப்பேன். நேற்று அதற்குப் பலம் இருந்தது" என்றார். அதை அவர் சிஞ்ஞோராவிடம் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று விட்டுவைத்தார் என நினைக்கிறேன்.

நாய் மறுநாள் காலை செத்துப்போனது.

சிஞ்ஞோரா அழுதது எனக்குப் பெரிய அடியாக இல்லை. அழுகையை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது அதற்குப் பிறகு வந்தது. "நான்தான் கொன்றேன்" என்றார். "பழைய டொக்டர் எத்தனை தரம் சொன்னார், கருப்பையை எடுத்துவிடுங்கள் என்று. நான்தான் பிடிவாதமாக இருந்தேன். என் பிள்ளையை நானே கொன்றேன்." அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அந்தக் கொஞ்ச உண்மைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

"வயது போய்விட்டது, சிஞ்ஞோரா. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்றேன்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் தமக்கை வீட்டுப் பின்வளவில் குழி வெட்டினேன். மண் கல்லாக இருந்தது. ஊன்றுதடியோடு நாற்காலியில் இருந்த தமக்கை, "நீ நாயை வளர்த்தாயா, மகளை வளர்த்தாயா?" என்று எரிச்சலாகக் கேட்டார். "வளர்த்தது நான், கொன்றதும் நான்" என்று சிஞ்ஞோரா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மண்வெட்டியோடு குழிக்குள் நின்றேன். முழங்காலளவு ஆழத்தில் நின்றபடியே அந்த இரண்டு கிழவிகளையும் பார்த்து அப்போதே சொல்லியிருக்கலாம். வேலையை முடித்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். முடித்தபின் கையைக் கழுவப் போனேன்.

அந்த வருடம் முழுவதும் அவர் அதைச் சொன்னார். இறைச்சிக்கடையில் சொன்னார், வாயிற்காவலரிடம் சொன்னார், கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதாகவும் கேட்ட சுவாமியார் சிரித்ததாகவும் என்னிடம் சொன்னார். செய்யாத குற்றத்தை ஒரு கிழவி ஊரெல்லாம் ஒப்புக்கொண்டு திரிய, செய்த நான் அவருடைய யன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாரி தொடங்கியபோது மாடிப்படியில் ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டு கிடந்தது. சாம்பல் நிறம், பெண். சிஞ்ஞோரா உள்ளே எடுத்தார். சில மாதங்கள் போனதும் என்னிடம்கூடக் கேட்காமல் வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருப்பையை எடுப்பித்துக் கூடையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். "இந்தத் தரம் பிழை விடவில்லை" என்றார். அதன் வயிற்றில் மயிர் மழித்த இடத்தில் நான்கைந்து தையல்கள். ஒவ்வொரு காலையும் நான் அதைப் பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

சொன்னேன். சிவந்திருக்கிறது, ஒரு ஓரத்தில் நீர் கசிகிறது, நக்குகிறது, இன்றைக்கு மணம் இல்லை, மூத்திரம் இவ்வளவு போனது, கடைசி முலைக்கருகில் ஒரு சின்னக் கடினம், இல்லை, அது தையலின் முடிச்சுத்தான். மீன் இறக்குகிறவர்களின் சொற்களையும் சொன்னேன், வேறு சொல் கிடைக்காத இடங்களில். சிஞ்ஞோரா அதிர்ச்சியடையவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். "போதும், போதும், நான் கோப்பி குடிக்கிறேன்!" என்றார்.

கோப்பைக்கு மேலாக என்னைப் பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது, புரொஃபெசோரே. அந்தப் பிள்ளைக்கும் வெளியில் ஏதாவது தெரிந்திருந்தால் நீங்கள் எனக்குச் சொல்லியிருப்பீர்கள். அதுதான் எனக்கு ஒரே ஆறுதல்."

பூனை என் மடியில் இருந்தது. அதை மெதுவாக மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன்.

"ஆமாம், சிஞ்ஞோரா" என்றேன். "சொல்லியிருப்பேன்."